செருப்புத் தானம்

சென்னை சென்ட்ரலை நோக்கி வரும் ரயில் வண்டிகளில் பல, பேசின் பிரிட்ஜை அடைந்ததும் சற்றே தயங்கி நின்றுவிடும். இரவெல்லாம் பிரயாணம் செய்து களைத்தவர்கள் பெட்டி படுக்கைகளை வாசலண்டை நகர்த்திக்கொண்டு, "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்பார்கள். அந்தச் சமயம் பார்த்துக் காற்று வீசும். உடனே ஜன்னல் கதவுகள் 'படார் படார்' என்று விழும்; கைக்குட்டைகள் மூக்கிற்கு ஏறும். "இந்த இடத்தில் மனிதர்கள் எப்படித்தான் குடியிருக்கிறார்களோ!" என்று யாராவது ஓர் அம்மாள் சொல்லாமல் இருக்க மாட்டாள்.

அப்படிக் குடியிருக்கும் மனிதர்களின் குழந்தைகளுக்குத்தான் நான் பதினெட்டு வருஷங்களாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். மூடிய ஜன்னலுக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிறவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பேசின் என்பது வேறொன்றுமில்லை. கால்வாயில் படகுகள் தங்குவதற்கென்று அமைந்த நீர்த்துறை. 1806-ஆம் வருஷத்தில், பாசில் காக்ரேன் என்னும் வெள்ளைக்கார வியாபாரியின் பணத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. படகு விட்டுப் பணம் சம்பாதிப்பது நோக்கம். அதில் தவறு ஒன்றுமில்லை. பின்னர் அது சர்க்கார் வசமாயிற்று. 1876-78-இல் தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியபோது, பட்டினியால் வாடிய ஏழைகள் கஞ்சிக்காக மண் வெட்டித் தெற்கே கூவத்தையும் அடையாற்றையும் கால்வாயால் இணைத்தார்கள். 1878-இல் அதற்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

தர்மம் என்பது எங்கள் வட்டாரத்திற்குப் புதிது அல்ல. 1782-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வயதானவர்கள் இன்றும் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள். வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானபோது எழுதி வைத்துப் போன தர்மத்திலிருந்து 1842-இல் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. ஆகையால் பணம் படைத்தவர் ஏழைகளுக்குக் கொடுப்பதை நான் ஏளனம் செய்பவன் அல்ல. எத்தனையோ பேர் அந்தக் கொடையினால் எழுத்தறிந்தார்கள், உயிர் பிழைத்தார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில், இனி நான் சொல்லப்போவது கொடையைப் பற்றிய ஒரு மனஸ்தாபம்.

சில வருஷங்களுக்கு முன்பு, நகரத்தின் வடபாகத்தில் சரக்குகளை ஏற்றி அனுப்பும் ஒரு கம்பெனியார் எங்கள் பள்ளிக்கூடத்திற்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் யந்திரம் ஒன்று வழங்க முன்வந்தார்கள். வெயிற்காலத்தில் குழந்தைகள் குடிக்க நல்ல தண்ணீர் இன்றித் தவிப்பதைக் கண்டவனுக்கு அந்தச் சந்தோஷம் புரியும். வரவேற்பிதழ் எழுதும் வேலை தமிழ் வாத்தியாரைத் தவிர வேறு யாருக்கு வரும்? நானும் எழுதினேன். கர்ணனையும் பாரியையும் ஒரே வாக்கியத்தில் அழைத்து வந்து அந்தக் கம்பெனியின் வாசலில் நிறுத்தினேன். குழந்தைகள் ஒரு மணி நேரம் வெயிலில் வரிசையாக நின்று கை தட்டினார்கள். புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. யந்திரத்தின் குழாயைவிட அதன்மேல் இருந்த கம்பெனியின் பெயர்ப் பலகை பெரிதாக இருந்தது. நம் கோயில்களில் குழல் விளக்கின் மேல் 'உபயம்' எழுதி வெளிச்சத்தை மறைப்பவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை.

எட்டாவது மாதத்தில் யந்திரம் நின்றது. உள்ளே உள்ள வடிகட்டியை மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு யார் பணம் கொடுப்பது என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. அதே கம்பெனிக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளோ ஒரு நாளும் நிற்கவில்லை. அல்லது, சரியாகச் சொன்னால், தினந்தோறும் எங்கள் வாசலில்தான் நின்றன. காலை எட்டரை மணிக்கு, தெருவின் இரு புறமும் பனையளவு சக்கரங்களுக்கு நடுவே எங்கள் குழந்தைகள் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கிப் பள்ளிக்கூடத்திற்குள் நுழைவார்கள். பெயர்ப் பலகையும் லாரியும் ஒரே கம்பெனிக்கு உரியவை என்ற எண்ணம், உள்ளபடி சொல்கிறேன், அந்நாளில் எனக்குத் தோன்றவேயில்லை.

தோன்றச் செய்தவன் ஒரு மாணவன்.

2023-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் 'மிக்ஜாம்' புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. சென்னைப் பெட்ரோலியக் கழகத்தின் வளாகத்திலிருந்தே எண்ணெய் வந்ததென்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறிற்று. தங்கள் குழாய் எதுவும் உடையவில்லை என்று கழகத்தார் கூறினார்கள். தேசீயப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. இந்த வாதங்களுக்கிடையே மீனவர்கள் படகேறிப் போய், வாளியாலும் குவளையாலும் எண்ணெயை மொண்டு பீப்பாய்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு அரையாண்டுப் பரீட்சை. ஒரு பையனின் தமிழ் விடைத்தாளில் ஓரமெல்லாம் கரிய விரல் ரேகைகள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவனை அழைத்து, வகுப்பின் எதிரே, "கையைக் கழுவிவிட்டுப் பரீட்சைக்கு வரத் தெரியாதா?" என்று கேட்டேன். அவன் பேசாமல் இரண்டு கைகளையும் நீட்டினான். நகக் கண்களிலும் ரேகைகளிலும் கறுப்பு ஊறியிருந்தது. பக்கத்து பெஞ்சிலிருந்த பையன்தான் சொன்னான்: "ஐயா, அவன் மாமா வீடு எண்ணூரிலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வலையை அலசப் போனான். சோப்புப் போட்டும் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை."

அன்று மாலை அந்த விடைத்தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். கம்பெனிக்காரரைக் கர்ணன் என்று எழுதியதும் அதே கைதான். பையனை அதட்டியதும் அதே வாய்தான்.

பின்னர் மாகாண சர்க்கார் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட வேறு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். கூட்டிப் பார்த்தால் எட்டே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு குடும்பத்திற்கு 12,500 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும் என்பதைக் குடும்பம் நடத்தும் நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, எண்ணூர்ப் பெரியகுப்பத்தினருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

'பசுவைக் கொன்று செருப்புத் தானம் செய்தாற்போல' என்று நம் பாட்டிமார்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். செருப்பும் மெய்தான், அதை மாட்டிக்கொள்கிறவன் காலில் முள் தைக்காமல் இருப்பதும் மெய்தான். ஆயினும் பசு எங்கே என்று கேட்க வேண்டாமா?

நம் தேசத்துச் சட்டம் செருப்பைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுகிறது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமுலில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது வருஷ விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்திய மூன்று வருஷங்களின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும். தான் தொழில் நடத்தும் வட்டாரத்திற்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நல்ல சட்டம். இதனால் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குக் கூரையும் கழிப்பிடமும் வந்திருக்கின்றன.

ஆனால் நூறு ரூபாய் லாபத்தில் இரண்டு ரூபாய் எங்கே போயிற்று என்றுதான் அந்தப் பிரிவு கேட்கிறது. தொண்ணூற்றெட்டு ரூபாய் எப்படி வந்தது என்று கேட்பது அதன் வேலை அல்ல. அதைக் கேட்க வேறு சட்டங்கள் இருக்கின்றன: தண்ணீருக்கு 1974-ஆம் வருஷத்துச் சட்டம், காற்றுக்கு 1981-ஆம் வருஷத்துச் சட்டம், போபால் நகரில் 1984-இல் விஷ வாயு ஆயிரக்கணக்கானவர்களைப் பலி கொண்ட பிறகு, 1986-இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அபாயகரமான தொழிலை நடத்துகிறவர், "நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது என்று டில்லி வாயுக் கசிவு வழக்கில் சுப்ரீம் கோர்ட் விதித்தது. 1996-இல், பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கிலே, கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற நியாயத்தை அதே கோர்ட் உறுதி செய்தது. அந்தப் பெருமை நம் தமிழ் நாட்டுக்கு உரியது.

ஆக, இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று கடன் கணக்கு. மற்றொன்று தானக் கணக்கு. கடனைக் கொடுக்காமல் தானம் செய்கிறவனை எந்தக் கிராமத்துப் பஞ்சாயத்தும் தர்மவான் என்று ஒப்புக்கொள்ளாது.

இந்த உண்மையை எங்கள் பேசின் பிரிட்ஜ் வட்டாரம் நூறு வருஷங்களுக்கு முன்பே கண்டிருக்கிறது. அருகே பெரம்பூரில் பின்னி கம்பெனியார் 1876-இல் பக்கிங்ஹாம் மில்லையும் 1881-இல் கர்நாடிக் மில்லையும் நிறுவினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன. இன்னும் சொல்லப்போனால், அந்நாளில் இந்தியாவிலேயே தொழிலாளர் நலனுக்குப் பேர்போனவை அந்த மில்கள். தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், பண்டகசாலை, குடியிருப்பு எல்லாம் அவர்கள் அமைத்தார்கள். ஓர் உபாத்தியாயன் என்ற முறையில் அந்தப் பள்ளிக்கூடத்திற்கு நான் வணக்கம் செலுத்துகிறேன்.

அப்படியிருந்தும் அங்கேதான் 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஏன்? மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமே கொடுத்தார்கள். கை கழுவி, வரிசையில் நின்று, சோற்று மூட்டையைப் பிரிப்பதற்குள் சங்கு ஊதிவிடும். பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவர்களுக்கு, இன்னும் கால் மணி நேரம் கொடுக்க மனம் வரவில்லை. ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று பக்திப் பிரசங்கங்கள் நடத்தி வந்த செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் இந்தக் குறையைக் கேட்டுக் கேட்டு மனம் பொறாமல், ஸ்ரீ பி. பி. வாடியாவிடம் போனார்கள். அவரும் ஸ்ரீ திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் சங்கத்தை வளர்த்தார்கள். கம்பெனியார் ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்துத் தலைவர்களுக்குத் தடையுத்தரவு வாங்கினார்கள். அந்த வழக்கு எழுப்பிய கிளர்ச்சியின் பலனாகவே, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் இந்தியாவுக்கு வந்தது.

நடுவில் 1921-ஆம் வருஷத்து வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் மற்றவருக்கும் பகை மூண்டு, புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கியில் உயிர்கள் போயின. ஒரு சுவரின் இரு புறமும் தறி ஓட்டிய கைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட அந்த வெட்கத்தில் முதலாளிக்கு மட்டுமல்ல, நம் சமூகத்திற்கும் பங்கு உண்டு. 1996-இல் அந்த மில்கள் மூடப்பட்டன.

தொழில் நடத்துகிறவன் வேறு விதமாகவும் இருக்கலாம் என்பதற்குத் தமிழர் வெகு தூரம் போய்த் தேட வேண்டியதில்லை. 1906-இல் தேசபக்தர் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை அமைத்தார். பத்து லட்ச ரூபாய் மூலதனம்; இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். வெள்ளைக்காரக் கம்பெனியின் போட்டியைச் சமாளிக்க ஒவ்வொரு ரூபாயும் வேண்டியிருந்த காலம் அது. கம்பெனி நடத்துகிறவர் கூலித் தகராறுகளில் தலையிடாமல் இருப்பதே உலக வழக்கம். ஆனால் 1908-இல் கோரல் மில் தொழிலாளர் கூலி உயர்வும் விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர் அவர்கள் பக்கம் நின்றார். வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது. சில நாட்களில் அவர் சிறை புகுந்தார். இன்று தண்டையார்ப்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையத்திற்கு வ. உ. சி. நகர் என்று பெயர். தினந்தோறும் அதைக் கடக்கும் எத்தனை கம்பெனி அதிகாரிகள் அவரையும் ஒரு கம்பெனிக்காரர் என்று நினைத்துப் பார்க்கிறார்கள்?

ஜம்ஷெட்பூரில் டாட்டா இரும்பு ஆலையார், சட்டம் வற்புறுத்துவதற்கு வெகு காலம் முன்பே, 1912-இல் எட்டு மணி வேலை நாளை ஏற்படுத்தியதும் இத்தகையதே. அது லாபத்தில் கிள்ளிக் கொடுத்த தானமன்று. தொழிலை நடத்தும் முறையிலேயே இருந்த நேர்மை. மகாத்மா காந்தி முதலாளிகளைத் தர்மகர்த்தாவாக இருக்கச் சொன்னதன் கருத்தும் இதுதான் என்று எண்ணுகிறேன். தர்மகர்த்தா கோயில் சொத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். சுண்டல் தாராளமாக விநியோகம் செய்தார் என்பதற்காக அவருடைய கணக்கை ஊரார் பார்க்காமல் விடுவதில்லை.

இங்கே வியாபாரம் செய்யும் என் சிநேகிதர் ஒருவர் கேட்பார்: "ரொம்ப நெருக்கினால் கம்பெனிகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். அப்புறம் உம்முடைய மாணவர்களுக்கு யார் வேலை கொடுப்பது?" இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. மில் மூடிய பின் வேலையிழந்த வீடுகளை நான் அறிவேன். புகையில்லாத அடுப்பும் ஒரு துக்கம்தான். ஆனால் ஜனங்கள் கேட்பது தொழில் போக வேண்டும் என்றல்ல; தொழில் இருக்க வேண்டும், நாங்களும் இருக்க வேண்டும் என்பதுதான். வலை அலசிய பையனின் மாமா எண்ணெய் ஆலையை மூடச் சொல்லவில்லை. மீன் எங்கே என்று மட்டுமே கேட்டார்.

ஜன்னலை மூடுகிற நமக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. நாம் எரிக்கும் விளக்குக்கு மின்சாரமும், நாம் ஓட்டும் வண்டிக்குப் பெட்ரோலும், நாம் விதைக்கும் நெல்லுக்கு உரமும் இந்த வடகோடியிலிருந்துதான் வந்திருக்கின்றன. நாம் கொட்டும் குப்பையோ கொடுங்கையூருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. விலை மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறோம். மிச்ச விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

என் கதையை முடித்துவிடுகிறேன். சென்ற வருஷம் அதே கம்பெனியார் மீண்டும் வந்தார்கள். இந்தத் தடவை மேஜை நாற்காலிகள். மறுபடியும் வரவேற்பிதழ் என்னிடம் வந்தது. தலைமையாசிரியரின் அனுமதியோடு, அதற்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதினேன். மேஜைகளுக்கு மனமார்ந்த நன்றி. யந்திரத்தின் வடிகட்டியை வருஷத்திற்கு இரண்டு முறை மாற்றித் தருவதாக எழுத்து மூலம் உறுதி வேண்டும். காலை எட்டரை முதல் ஒன்பதே கால் வரையிலும், மாலை பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் லாரிகள் எங்கள் தெருவில் நிற்கக் கூடாது. கர்ணன் வரவில்லை; பாரியும் வரவில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு ஓர் இளம் அதிகாரி நேரில் வந்தார். மிகவும் மரியாதை உள்ளவர். "ஸார், வடிகட்டிக்கு ஏற்பாடு செய்துவிடலாம். லாரி விஷயம் எங்கள் இலாகா இல்லை. அதுவும் லாரிகள் எங்களுடையவை அல்ல, ஒப்பந்தக்காரருடையவை" என்றார்.

"லாரியில் போகிற சரக்கு யாருடையது, தம்பி?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. வாசலில் நின்று, பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் சக்கரங்களுக்கிடையே ஒதுங்கிச் செல்வதைக் கடைசிக் குழந்தை போகும் வரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிகட்டி இரண்டு முறை மாற்றப்பட்டுவிட்டது. லாரிகள் காலை வேளையில் வருவதில்லை. மாலையில் இன்னும் வருகின்றன. மாலை வேளைக்காக இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறேன். அதைச் சுத்தமாக நகலெடுத்துக் கொடுத்தவன், அன்று விடைத்தாளில் விரல் ரேகை பதித்த பையன்தான். கடிதத்தில் ஒரு கறை கூட இல்லை.